தீ பார்த்த பாத்திரங்கள்

டிப்போவில் அவளைக் 'கடிகாரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்கள் கிளம்பும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் குறித்துவைக்கிற டைம்கீப்பர் வேலை. பதினாறு வருஷத்தில் ஒரு நிமிஷம்கூடத் தப்பியதில்லை. எந்த டிரைவராவது வந்து, "ஒன்பது பதினாலுக்கே எடுத்துட்டேன்க்கா" என்று மழுப்பினால், "பதினேழு" என்பாள், தலையை நிமிர்த்தாமலே. அப்பேர்ப்பட்டவளுக்கு, அந்தச் செவ்வாய்க்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது அடுப்பை அணைத்தோமா இல்லையா என்பது மட்டும் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

முட்டை வேகவைத்தது நினைவிருந்தது. தோலுரித்து டப்பாவில் போட்டது, பதினொன்று நாற்பதுக்குக் கதவைப் பூட்டியது, எல்லாம் நினைவிருந்தது. நடுவில் கை அடுப்பின் திருகைத் திருப்பியதா என்ற இடம் மட்டும் துடைத்துவிட்டாற்போல் வெறுமையாக இருந்தது.

பன்னிரண்டரைக்கு மாடி ஜன்னலில் புகை வந்ததைக் கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா பார்த்தாள். தீயணைப்பு வண்டி வந்து அணைப்பதற்குள் சமையலறை முழுக்கப் போய்விட்டது. மற்ற இரண்டு அறைகளிலும் கரி அப்பியிருந்தது. நல்லவேளையாக யார்மேலும் ஒரு பொறிகூட விழவில்லை. டிப்போவிலிருந்து ஓடி வந்தவள் காதில் முதலில் விழுந்தது, மாடிப்படியடியில் நின்று வீட்டுக்கார அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததுதான்.

"எதையோ அடுப்புல வச்சுட்டு மறந்துட்டுப் போயிருக்கா. வேற என்ன இருக்கப்போகுது."

பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்க அதே பேச்சு. அவளே அதை நம்பிவிட்டாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கணவர், "பொருள்தானே போச்சு, விடு. நமக்கு ஒண்ணும் ஆகலையே" என்று தோளைத் தட்டினார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

இருவரும் நாத்தனார் வீட்டுக்குப் போய்த் தங்கினார்கள். நாத்தனார் தையல்காரி. தைக்கிற அறையில் துணி மூட்டைகளை ஒதுக்கிப் படுக்கை போட்டுக் கொடுத்தாள்.

"அண்ணி, நீங்க அடுப்ப மறக்கற ஆளா?" என்று கேட்டாள்.

"தெரியலடி. அதான் பயமா இருக்கு."

அந்த வீட்டில் அவள் அடுப்புப் பக்கமே போகவில்லை. காய் நறுக்கிக் கொடுப்பாள், பாத்திரம் கழுவுவாள். தீக்குச்சியைக் கையில் எடுக்க மட்டும் மனம் வரவில்லை.

எட்டாம் நாள் தீயணைப்பு நிலையத்திலிருந்து விசாரணை அதிகாரி போன் செய்தார். "வீட்டுக்கு வாங்கம்மா. எந்தப் பாத்திரம் எங்க இருந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும்." நாத்தனாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

முழங்கால் இரண்டிலும் ரப்பர் பட்டை கட்டிய மெலிந்த மனிதர் அவர். சமையலறைத் தரையில் மண்டியிட்டு, பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷால் சாம்பலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். வாசலில் மூக்கைத் துணியால் பொத்தியபடி வீட்டுக்கார அம்மாவும் நின்றாள்.

"சுவத்துல என்ன மாட்டியிருந்தீங்க?"

"நான்ஸ்டிக் வாணலி செட் சார். ஏழு. ஃப்ரிட்ஜ் பக்கத்துலேர்ந்து அடுப்பு வரைக்கும் வரிசையா."

"அதுல மூணு இங்க இருக்கு," என்று அவர் தரையைக் காட்டினார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஃப்ரிட்ஜ் இருந்த மூலையில், சுவரிலிருந்து வழிந்த சாம்பல்நிறக் கோடுகள் தரையில் ஒரு சின்னக் குட்டையாகத் தேங்கி உறைந்திருந்தன. அதிகாரி அதன் ஓரத்தில் உளியை விட்டு நெம்பித் தூக்கினார். அடிப்பக்கம் புத்தம்புது வெள்ளியாக மின்னியது. தரை டைல்ஸின் புடைப்பான பூவேலை அதில் அச்சு அசலாகப் பதிந்திருந்தது. ஒவ்வொரு இதழும், இதழுக்குள் இருந்த கோடும்கூட. தோசைக்கரண்டி பட்டால் கீறல் விழுமே என்று அவள் பார்த்துப் பார்த்துப் புழங்கிய வாணலிகள், தண்ணீர் மாதிரி ஓடித் தரையில் இருந்த பூவைப் படியெடுத்து வைத்திருந்தன.

"அலுமினியம் அறுநூத்தி அறுபது டிகிரில உருகிரும்," என்றார் அதிகாரி. "இப்ப அடுத்த ரெண்டையும் பாருங்க."

நடுவில் மாட்டியிருந்த இரண்டும் உருகவில்லை. காயப்போட்ட ஈரத்துணி போல ஆணியில் தொய்ந்து தொங்கின. அதற்கடுத்த இரண்டும், அடுப்புக்கு நேர் மேலே இருந்தவை, நிறம் கொப்பளித்துக் கைப்பிடி இளகியதோடு சரி. உருவம் மாறவில்லை.

அதிகாரி எழுந்து அடுப்பருகே போனார். முட்டை வேகவைத்த சின்ன அலுமினியப் பாத்திரம் பர்னர் மேல் வைத்தபடியே இருந்தது. வெளியே கரி. மூடியைத் திறந்தார். உள்ளே பளிச்சென்று இருந்தது.

"இதுவும் அலுமினியந்தான். இத மறந்துட்டுப் போய், தீ இங்க பொறந்திருந்தா, முதல்ல ஒழுகியிருக்க வேண்டியது இதுதான். முழுசா நிக்குது. சூடு அந்த மூலையிலேர்ந்து இந்தப் பக்கம் வந்திருக்கு. வர வரக் குறைஞ்சிருக்கு. உங்க வாணலிங்க அத வரிசையா எழுதி வச்சிருக்கு."

அவள் குனிந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அடுப்புத் திருகையும் நேத்தே கழட்டிப் பார்த்துட்டேன். மேல இருந்த பிளாஸ்டிக் போச்சு. உள்ள இருக்கற தண்டு மூடின மாதிரியே இருக்கு. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி வயர்ல தாமிரம் உருகி மணி மாதிரி உருண்டிருக்கு. ஷார்ட் ஆகி அங்கதான் ஆரம்பிச்சிருக்கு. நீங்க அடுப்ப அணைச்சுட்டுத்தான்மா போயிருக்கீங்க."

அவள் அப்படியே சாம்பலில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்க, வாய்விட்டு அழுதாள். நாத்தனார் அருகில் குந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்ற வீட்டுக்கார அம்மா சத்தமில்லாமல் கீழே இறங்கிப் போனாள்.

அழுது முடித்த பிறகும் அவளுக்கு அங்கிருந்து எழ மனம் வரவில்லை. வேறொரு ஆசை பிடித்துக்கொண்டது. சாம்பலைக் கிளறி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எவர்சில்வர் சட்டி ஒன்று கிடைத்தது. மயில் கழுத்தும் பொன்னும் கலந்த நிறமேறி, சட்டி முழுசாக இருந்தது. ஆனால் அடியில் ஒட்டியிருந்த தடித்த தகடு தனியாகக் கழன்று கையோடு வந்தது.

"நடுவுல ஒரு அலுமினியத் தட்டு இருந்திருக்கும். சூடு பரவறதுக்காக வைப்பாங்க. அது உருகி ஓடிருச்சு," என்றார் அதிகாரி.

பத்து வருஷம் தினமும் சமைத்த சட்டி. அதற்குள் இன்னொன்று ஒளிந்திருந்து தனக்காகச் சூட்டைப் பரப்பிக்கொண்டிருந்தது என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

கடைசியாக, ஃப்ரிட்ஜ் சரிந்து கிடந்த இடத்தில், எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து வார்ப்பிரும்பு வாணலி வந்தது. யாரோ பரிசாகக் கொடுத்தது. கனம் தாங்காமல் ஃப்ரிட்ஜ் தலைமேல் போட்டுவைத்துவிட்டு மறந்தே போயிருந்தாள். தீயின் நடு வயிற்றில் இருந்திருக்கிறது. எண்ணெய்க் கறுப்பெல்லாம் எரிந்து செங்கல் நிறமாகியிருந்தது. அதிகாரி தன் இரும்பு ஸ்கேலை அதன் அடியில் குறுக்காக வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். இடையில் ஒரு மயிரிழை வெளிச்சம்கூட வரவில்லை.

"கோணவே இல்லையே சார்," என்றாள். கோயில் சந்நிதியில் நிற்பவள்போலக் குரல் தானாகத் தணிந்திருந்தது.

"கோணல. ஆனா இதுல இனிமே சமைக்காதீங்க. இவ்வளவு சூடு பட்ட வார்ப்பு அடுத்த தடவ காயும்போது விரிசல் விடலாம். புதுசா வாங்கிக்குங்க."

அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள்ளாகவே வீட்டுக்கார அம்மாவின் குரல் கேட்டது. "ஃப்ரிட்ஜ் வயர்தான்னு எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்." நாத்தனார் சண்டைக்குத் திரும்பினாள். அவள் நாத்தனாரை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

மறுவாரம் சனிக்கிழமை அவளும் நாத்தனாரும் பாத்திரக்கடைக்குப் போனார்கள். கடைக்காரர் எடுத்தவுடனே நாலு நிறத்தில் ஒரு செட்டைப் பரப்பினார்.

"இதான் மேடம் இப்ப ஓடுது. ஒன்பது பீஸ். கண்ணாடி மூடி இலவசம்."

அவள் ஒன்றைத் தூக்கி, உள்ளே பார்க்காமல் கவிழ்த்து அடியைப் பார்த்தாள். விரலால் சுண்டிவிட்டு ஓரமாக வைத்தாள்.

"எவர்சில்வர்ல காட்டுங்க. அடியில மட்டும் தகடு ஒட்டினது வேணாம். வாய் விளிம்பு வரைக்கும் மூணு அடுக்கா இருக்கணும்."

கடைக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். கொண்டுவந்த சட்டியின் விளிம்பை அவள் வெளிச்சத்தில் திருப்பினாள். வெட்டுவாயில் இரண்டு எவர்சில்வர் தகட்டுக்கு நடுவே நூல் மாதிரி மங்கலாக ஓர் அலுமினியக் கோடு. அந்தக் கோட்டை விரல் நுனியால் ஒரு சுற்று தடவிக்கொண்டே போனாள். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாள். திருகாணி இல்லை, உலோகத்திலேயே ஆணி அறைந்து இறுக்கியிருந்தது.

"மேடம் பாத்திரத் தொழிலா?"

"இல்லைங்க, பஸ் டிப்போ."

"எங்க அண்ணிக்கு இப்பத்தான் பாடம் நடந்துச்சு," என்றாள் நாத்தனார். "நீங்க அந்த இரும்பு வாணலிய எடுங்க. இந்தாங்க ஸ்கேல், என்கிட்டயே இருக்கு."

தையல் ஸ்கேலை அடியில் வைத்து வைத்துப் பார்த்து, நான்காவது வாணலியைத்தான் எடுத்தார்கள். இரும்பு வாணலி ஒன்று, மூன்றடுக்குச் சட்டி பெரியதும் சின்னதுமாக இரண்டு, எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மூடி ஒன்று. அவ்வளவுதான். ஒன்பது பீஸை மறுபடி நகர்த்திப் பார்த்த கடைக்காரர், பிறகு அவராகவே எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

நாத்தனார் வீட்டுக்கு வந்ததும் அவள் சட்டியைக் கழுவித் துடைத்து அடுப்பில் வைத்தாள். தீக்குச்சியை அவளே எடுத்து உரசினாள். கணவர் ஷிஃப்ட் முடிந்து வர இன்னும் நேரமிருந்தது. வெங்காயம் நறுக்கி வைத்திருந்தது. சட்டி காய்ந்துவிட்டதா என்று பார்க்க, ஈரக் கையை மேலே உதறினாள்.

முதலில் விழுந்த சொட்டு சுரீரென்று ஆவியாயிற்று. சற்றுப் பொறுத்து இன்னொரு சொட்டு விட்டாள். அது ஆவியாகவில்லை. கண்ணாடி மணியாக உருண்டு திரண்டது. சட்டியைத் தொடாமல் அதன்மேல் மிதந்தாற்போல வழுக்கிக்கொண்டு ஓடி, ஓரத்தில் ஏறி, திரும்பி வந்து, நடுவில் நின்று நடுங்கியது. ஜன்னல் முழுசாக அதற்குள் தெரிந்தது.

"என்ன அண்ணி இது, காயுற சட்டியில தண்ணி வத்தாம ஓடுது."

"தெரியலடி."

பதினாறு வருஷம் நிமிஷம் எண்ணியவள் அது எவ்வளவு நேரம் ஓடியது என்று பார்க்க மறந்துபோனாள். மணி சிறுத்துச் சிறுத்து, கடுகாகி, இல்லாமல் போயிற்று. இருவரும் குனிந்த தலை நிமிரவில்லை.

"இன்னொண்ணு விடுங்க," என்றாள் நாத்தனார்.