அஞ்சு மணி வண்டியில் கிளைமாக்ஸ்

நடவு முடிந்து களையெடுப்பு தொடங்குவதற்கு முன் கொஞ்ச நாள் ஓய்வு கிடைக்கும். அந்த நாட்களில் ராஜாத்தியும் அவள் கூட்டாளிகளும் ஞாயிறு தவறாமல் மன்னார்குடிக்குப் போய் மேட்னி பார்ப்பார்கள். படம் நல்லதா கெட்டதா என்ற கவலையெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. கவலை அஞ்சு மணி டவுன் பஸ்ஸைப் பற்றித்தான். அதை விட்டால் பெண்களுக்குக் காசில்லாத வண்டி அன்றைக்கு அவர்கள் ஊர்ப்பக்கம் வராது. படமோ அஞ்சேகாலுக்குத்தான் முடியும். ஆகவே வில்லன் கதாநாயகன் கழுத்தில் கத்தியை வைத்திருக்கும்போது இவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். விட்ட முடிவை பஸ்ஸில் உட்கார்ந்து தாங்களே செய்துகொள்வார்கள். ஊர் வருவதற்குள் யார் சொன்னதை எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்களோ, அதுதான் அந்தப் படத்தின் முடிவு. மறுநாள் ரேஷன் கடை வரிசையிலும் அப்படியேதான் கதை சொல்லப்படும்.

பூமிகா அந்த ஊருக்கு மருமகளாக வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தஞ்சாவூர்க்காரி. திரையில் கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை உட்கார்ந்து படம் பார்த்து வளர்ந்தவள். முதல் தடவை இவர்களோடு வந்தபோது, ஏற்கெனவே ஃபோனில் பார்த்த படமாயிற்றே என்ற பெருமையில் உண்மையான முடிவைச் சொல்லித் தொலைத்தாள். பஸ்ஸே அவளை முறைத்தது. கடைசியில் அவள் மாமியார் ராஜாத்திதான், "படம் எடுத்தவனுக்கு என்ன தெரியும்? நீ சும்மா இரு" என்று தீர்ப்புச் சொன்னாள். அன்றிலிருந்து பஸ்ஸில் பூமிகா வாயைத் திறப்பதில்லை.

இன்றைக்கு அவள் வாயைத் திறந்தே ஆகவேண்டும். மன்னார்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. கல்யாணத்துக்கு முன்பு பார்த்த அதே வேலை. வருகிறேனா இல்லையா என்று நாளைக்குள் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரிலிருக்கும் கணவன் யுவனைக் கேட்டால், "எனக்கு ஓகே. அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க" என்று அழகாகக் கழன்றுகொண்டான். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவளால் கேட்க முடியவில்லை. வீட்டில் கேட்கலாமென்று போனால் மாமியார் மாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள், இல்லாவிட்டால் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பாள். பூமிகாவுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அன்றைய படத்தில் கதாநாயகன் துபாயில், கதாநாயகி ஊரில் மாமியாரோடு. அவர்கள் நிலத்தை வளைத்துப் போடப் பார்க்கும் செங்கல் சூளைக்காரன்தான் வில்லன். கதாநாயகன் காரில் வந்து இறங்குகிறான், கதாநாயகி கையில் பையோடு வாசலில் நிற்கிறாள். அந்த இடத்தில், "நேரமாச்சு, எந்திரிங்கடி" என்றாள் ராஜாத்தி.

பஸ் புறப்பட்டதும் கூட்டாளி தையல்நாயகி தொடங்கினாள். "சூளைக்காரன் மேல ஹீரோ நெல்லு அறுப்பு மெஷினை ஏத்திடுறான்."

"எந்தப் படமா இருந்தாலும் ஒனக்கு அறுப்பு மெஷினுதான். போன வாரம் கப்பல்ல நடக்குற கதை. அதுலயும் கொண்டாந்து விட்டே" என்றாள் ராஜாத்தி.

"அதெல்லாம் இல்லக்கா" என்றாள் விஜயலட்சுமி, அதற்குள்ளாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்தப் பொண்ணுக்கு வளைகாப்பு. அதோட படம் முடியுது."

"அவன் இப்பத்தான் கார்லேர்ந்தே எறங்குறான். அதுக்குள்ள வளைகாப்பா?" என்றாள் ராஜாத்தி.

பஸ் முழுக்கச் சிரித்தது. விடுமுறை நாளில் அதே படத்தைக் கடைசிவரை பார்த்திருந்த கண்டக்டர் மதிவாணன், உயிருக்குப் பயந்து ஒன்றும் சொல்லாமல் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

"அது கிடக்கட்டும். அவ எதுக்குப் பையோட நிக்கிறா? கோவிச்சுக்கிட்டுப் போறாளா?" என்றாள் தையல்நாயகி.

"வேலைக்குப் போறா" என்றாள் பூமிகா.

சொன்ன பிறகுதான், வாயைத் திறந்துவிட்டோம் என்பதே அவளுக்கு உறைத்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இனி நிறுத்தவும் முடியாது.

"அவ படிச்ச பொண்ணு. பக்கத்து டவுன்ல வேலை கிடைச்சிருக்கு. காலையில போயிட்டு சாயங்காலம் வந்துடலாம். அவளுக்கு ரொம்ப ஆசை. அதான் கிளம்பி நிக்கிறா."

"மாமியாக்காரி என்ன சொன்னா?" என்றாள் ராஜாத்தி.

"அது தெரியல அத்தை. அதுக்குள்ள நாம பஸ்ஸுக்கு வந்துட்டோம்."

ராஜாத்தி மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். பூமிகா முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன வேலையாம்?"

"லேபுல, அத்தை."

"கார்ல வந்து எறங்கினானே, அவன் என்ன சொல்றான்?"

"அம்மாகிட்ட கேட்டுக்கன்னுட்டான்."

"அப்படியே அவன் அப்பன். வாயைத் தொறக்க வேண்டிய நேரத்துல நழுவிடுறது" என்றாள் ராஜாத்தி. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னாள். "சரி, கேட்டுக்கங்கடி. மாமியாக்காரி சொல்றா: 'தாராளமாப் போயிட்டு வா. ஆனா இதை வீட்டுல வெச்சுக் கேட்டிருக்கணும். நாலு பேருக்கு முன்னால பஸ்ஸுல வெச்சுக் கேட்டா நான் மாட்டேன்னா சொல்ல முடியும்?' அப்படீங்குறா. படம் முடிஞ்சுது."

தையல்நாயகிகூட ஒத்துக்கொண்டாள். பூமிகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"வீட்டுல கேக்க பயமா இருந்துச்சு அத்தை."

"பயமா? ஏன், என்னைப் பாத்தா வில்லி மாதிரியாடி இருக்கு?"

விஜயலட்சுமி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மதிவாணன் சட்டென்று டிரைவர் பக்கம் திரும்பிக்கொண்டான். ராஜாத்தி எல்லாரையும் ஒருமுறை முறைத்துவிட்டு, மருமகள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"காலை வண்டியில காலேஜ் பசங்க கூட்டம் நெரியும்" என்றாள் மெல்ல. "முன்னாடியே போயி எடம் புடிச்சு உக்காந்துக்க. நின்னுக்கிட்டே போகாதே."