கண்ணாடிக்குள் ஒரு போன்

தங்கபாய் யாருக்குப் போன் பேசப் போகிறாள் என்று தெரியாமல் சுயம்புலிங்கத்துக்குக் காலையில் காபிகூட இறங்கவில்லை. கேட்டால், "அங்கன வந்து பாருங்களேன்" என்று சிரிக்கிறாள். பெண்டாட்டியிடம் தனக்குத் தெரியாத ஒரு நம்பர் இருந்தால் எந்தப் புருஷனுக்குத்தான் இருப்புக் கொள்ளும்!

ராஜபாளையம் கல்யாண மண்டபத்தில் அன்றைக்கு விழா. ஊருக்கு உபயோகமாகத் தொழில் தொடங்கும் இளவட்டங்களை ஒரு அறக்கட்டளை மேடையேற்றியது. அதில் ஒருத்தி ஸ்ரீவில்லிபுத்தூர் சன்னதித் தெருப் பெண் பத்மாசனி. பெண்களுக்கென்றே ஒரு எஸ்டிடி பூத் தொடங்குகிறாள். கதவைச் சாத்திக்கொண்டு மனசுவிட்டுப் பேசலாம், ஈ காக்கைக்குக் கேட்காது. மண்டபத்துப் போனின் வயரை மேடைக்கு இழுத்து, கண்ணாடிக் கூண்டு ஒன்றை நிறுத்தியிருந்தாள். ஆள் சேர்க்க அவள் வீடு வீடாகப் போனபோது முதலில் பேர் கொடுத்தவள் தங்கபாய். ஆகவே முதல் போனும் அவளுக்கே.

முன்வரிசையில் சுயம்புவுக்குப் பக்கத்தில் மேஸ்திரி பொன்னுராஜ். இருவருக்கும் ஒரே நூல் மில், ஒரே ஷிப்ட். சுயம்புவிடமும் ஒரு ரகசியம் இருந்தது. மெஷின் இரைச்சல் அவன் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. வீட்டில்கூடச் சொல்லவில்லை. மில்லுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்.

கூண்டின் கதவு சாத்திக்கொண்டது. தங்கபாயின் வாய் அசைந்தது, சத்தம் துளியும் வெளியே வரவில்லை. சபை கைதட்டியது. பத்மாசனிக்கு முகமெல்லாம் பல்.

பாவம், கோயில் தெருப் பெண்ணுக்கு மில்லைப் பற்றி என்ன தெரியும்? நூல் மில்லுக்குள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்தேதான் அங்கே எல்லாரும் பேசிக்கொள்வார்கள். மண்டபத்தில் பாதிப் பேர் மில்லுக்காரர்கள்.

பொன்னுராஜ் சுயம்புவின் விலாவில் இடித்தான். "பம்பாய்ல அவ அக்காகிட்டலே பேசுதா. அக்கா மக பெரிய மனுஷி ஆயிட்டாளாம்!"

சுயம்பு திரும்பிப் பார்த்தான். பின்வரிசை முழுக்க அவள் வாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அட, அக்காதானா! என்னவெல்லாமோ நினைத்த தன் புத்தியைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது. நிம்மதியாகச் சாய்ந்து அவனும் பார்த்தான்.

"அவியளுக்குக் காது சரியாக் கேக்கலக்கா," என்றாள் கண்ணாடிக்குள் தங்கபாய். "எங்கிட்ட மறைக்காவ. நானும் தெரிஞ்சதாக் காட்டிக்கிடல. எதுன்னாலும் முன்னால போயி, மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லுதேன்."

சுயம்பு நிமிர்ந்து உட்கார்ந்தான். அடுப்பில் கொதிப்பதை விட்டுவிட்டு வந்து வந்து எதிரே நிற்பாளே, அது இதற்குத்தானா? 'ஏட்டி, என்னத்துக்கு வழிய மறிக்க' என்று எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறான்!

பொன்னுராஜும் இதைப் படித்திருப்பானே! அவன் பக்கம் திரும்பத் தைரியமில்லை. ஒரே எட்டில் மேடையேறி, தோள் துண்டை உதறிக் கண்ணாடியில் விரித்து, முதுகால் முட்டுக்கொடுத்து நின்றான். இனி அவள் பேசுவது அவனுக்கும் தெரியாது.

சபை சலசலத்தது. பத்மாசனி பதறிக்கொண்டு எதிரே வந்தாள். "என்ன அண்ணாச்சி இது?"

"கண்ணாடி ஆகாது தாயி. பலகை அடிச்சிருங்க. இங்க எல்லாரும் வாயப் பாத்தே படிச்சிருவாங்க."

அவள் சபையைப் பார்த்தாள். மில்லுக்காரர்கள் அப்படியே தலையைக் குனிந்துகொண்டார்கள். பொன்னுராஜ் மட்டும் குனியவில்லை. சுயம்புவை நேரே பார்த்து, மில்லில் பேசுகிற மாதிரி சத்தமில்லாமல் வாயை அசைத்தான்.

"நான் ஒண்ணும் பாக்கலலே."

பின்னால் கதவு திறந்தது சுயம்புவுக்குக் கேட்கவில்லை. தங்கபாய் பின்னாலிருந்து கூப்பிடவும் இல்லை. சுற்றிக்கொண்டு வந்து அவன் எதிரே நின்றாள். அவன் தன்னைப் பார்க்கும்வரை பொறுத்திருந்தாள்.

"அக்கா உங்களக் கேட்டதாச் சொன்னா," என்றாள்.