காலையில் ஏதாவது சாப்பிட்டாளா?

சட்டை தைக்கும் கம்பெனியில் நான் செக்கர். தைத்து முடித்த சட்டைகள் என் மேஜைக்கு வரும். உள்பக்கம் திருப்பி, விட்டுப்போன தையல், ஆடும் பொத்தான், எண்ணெய்க் கறை என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எந்தச் சட்டையானாலும் உள்ளே தைத்தவரின் நம்பர் ஒட்டியிருக்கும். குறை கண்ணில் பட்டால் நம்பரைப் பார்ப்பேன், ஆளைக் கூப்பிடுவேன், காய்ச்சி எடுத்துவிடுவேன். பன்னிரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போவதில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுகிற மனுஷன். அவர் பங்கையும் சேர்த்து நானே பேசிவிடுகிறேன்.

எங்களுக்கு ஒரே பெண். ஐந்து வயது. ஒல்லிக்குச்சி உடம்பு, காதருகே வந்து நச்சரிக்கிற குரல். அதனால் கொசு என்று பெயர் வைத்தது அவள் அப்பா. அந்தக் கொசுவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொன்ன அன்று, பெரிய டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "இது யாரு பண்ண தப்பு டாக்டர்?" என்பதுதான்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு தப்பும் இல்லம்மா. சில பிள்ளைங்களுக்கு வந்துடுது. ஏன்னு எங்களுக்கே தெரியாது."

இது ஒரு பதிலா? நான் விடவில்லை. கால் முழுக்க நீலம் நீலமாகக் கன்றியிருந்ததை, விளையாட்டில் இடித்துக்கொண்டிருப்பாள் என்று விட்டேனே, அதனாலா? சாப்பாட்டில் ஏதாவதா? கம்பெனியிலிருந்து என் துணியில் ஒட்டிக்கொண்டு வந்த பஞ்சுத் தூசியா? எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். குணமாக நிறைய வாய்ப்பு இருக்கிறது, ஆனால் முதல் மாத மருந்துகள் தேதி தவறாமல் போயாக வேண்டும் என்றார். வெளியே வந்து அழுதேன். பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. இவ்வளவு பெரிய இடி விழுகிறது, திட்டுவதற்கு ஒரு ஆள் கிடையாதாம்!

வார்டில் ஆறு கட்டில். ஜன்னலோரம் எங்களுடையது. தினமும் ரத்தம் எடுக்க வருவார்கள். "கொசுகிட்டயே ரத்தம் எடுக்குறாங்க பாரு, என்ன தைரியம்!" என்று அப்பா சொல்ல, முதல் நாள் அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். ரெண்டாவது நாள் சிரிக்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் பசி வந்தது. ஸ்டீராய்டு மாத்திரை அப்படித்தான் பண்ணும் என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் நான் நினைத்த பசி வேறு, வந்த பசி வேறு. ஒரு வாய்ச் சோற்றுக்கு வீடு முழுக்க என்னை ஓட விட்டவள், தட்டை வழித்துத் தின்றுவிட்டு, காலித் தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாலு முட்டை. அரை பாக்கெட் ரொட்டி. மறுபடியும் சோறு. கன்னம் உப்பி, கண் சிறுத்து, யாரோ பெற்ற குழந்தை மாதிரி ஆகிவிட்டாள். தூக்கத்திலும் வாய் மென்றுகொண்டே இருந்தது.

இந்தப் பசியை வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமையைத் தாண்ட வேண்டும். செவ்வாய்தான் முதுகுத்தண்டில் ஊசி போட்டு மருந்து ஏற்றும் நாள். மயக்கம் கொடுத்துத்தான் போடுவார்கள். அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். மயக்கத்தில் சாப்பாடு மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. ஆறு மணி நேரத்துக்கு ஒன்றும் தின்னக் கூடாது. போன செவ்வாய் எதிர்க் கட்டில் சின்னப் பெண் யாருக்கும் தெரியாமல் வாழைப்பழம் தின்றுவிட்டாள். மயக்க டாக்டருக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரம். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண்ணை வார்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். அவள் கட்டிலில் உட்கார்ந்து சோறு தின்றதைக் கொசு கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எச்சில் ஊறப் பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

இந்தச் செவ்வாய் ஐந்தரைக்கே எழுந்துவிட்டாள். எட்டு மணிக்கெல்லாம் போர்வை நுனியைச் சப்ப ஆரம்பித்தாள். எட்டரைக்கு அவள் அப்பா வந்தார். "லிஃப்ட் பாக்கப் போலாமா?" என்று தூக்கிக்கொண்டு போனார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். கொசு அமைதியாக இருந்தாள். அந்த அமைதியே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும்.

ஒன்பது மணிக்கு மயக்க டாக்டர் வந்தார். இந்த வாரம் புதிது, சின்ன வயசுப் பெண். கட்டிலோரம் குனிந்து, "காலையில ஏதாவது சாப்பிட்டாளா?" என்று என்னைத்தான் கேட்டார்.

"இல்ல டாக்டர்" என்றேன்.

"சாப்பிட்டேன்" என்றாள் கொசு. "பிஸ்கட். அப்பா குடுத்தாரு. லிஃப்ட்டுகிட்ட."

கட்டில் கால்மாட்டில் நின்றிருந்த அவள் அப்பா நிமிர்ந்தார். "நான் குடுக்கல" என்றார்.

நான் அவர் சட்டைப் பையைப் பார்த்தேன். உப்பலாக இருந்தது. கையை விட்டு எடுத்தேன். பிரித்த பிஸ்கட் பாக்கெட். ரெண்டு குறைந்திருந்தது.

"பஸ்ல நான் தின்னது" என்றார்.

யார் கேட்டார்கள்? மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்த ஆள் கையும் களவுமாகக் கிடைத்துவிட்டார். எப்போதும் அவரை நீங்க என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு வாயில் அது வரவில்லை.

"கால் மணி நேரம் பிள்ள அழறத உன்னால தாங்க முடியல, இல்ல? நான் மூணு வாரமாத் தாங்குறேன்! மயக்கத்துல அடைச்சுச் செத்துப் போனா யாரு பதில் சொல்றது? உன்னாலதான். எல்லாமே உன்னாலதான். இந்த நோயே உன் ரத்தத்துலேர்ந்து வந்ததுதான்!"

ஆறு கட்டிலும் கேட்டது. பாக்கெட்டை அவர் மார்பில் விட்டெறிந்தேன். அவர் குனிந்து, தரையில் சிதறிய துண்டுகளைப் பொறுக்கி, குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வெளியே போனார். எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது.

டாக்டர் என் தோளைத் தொட்டார். "டென்ஷன் ஆகாதீங்கம்மா. இந்த வாரம் தவறக் கூடாது. நான் ஒரு மணிக்குக் கிளம்பணும், பரவாயில்ல, இவளுக்காக இருக்கேன். எட்டரைக்குச் சாப்பிட்டிருக்கா. ரெண்டரைக்குப் போட்டுடலாம். அதுவரைக்கும் ஒண்ணும் குடுக்காதீங்க. தண்ணி மட்டும் கொஞ்சம், அதுவும் பன்னெண்டரை வரைக்கும்தான்."

பாவம், நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் போனதும் கொசு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஊசி இல்லல்ல? இப்பச் சோறு குடும்மா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதிர்க் கட்டில். வாழைப்பழம். குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன். "கொசு, அப்பா நிஜமா பிஸ்கட் குடுத்தாரா?"

"சோறு குடு."

"ஊசி இருக்குடி. ரெண்டரைக்கு. அதுவரைக்கும் சோறு கிடையாது."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு கத்தினாள் பாருங்கள்! "நான் தின்னல! பொய் சொன்னேன்! அப்பா குடுக்கல! இப்பவே ஊசி போடச் சொல்லு! போட்டுட்டுச் சோறு குடு!"

அவளைப் பக்கத்துக் கட்டில் அக்காவிடம் விட்டுவிட்டு ஓடினேன். சிஸ்டர் காலில் விழாத குறை. "அவ சாப்பிடல சிஸ்டர், நான் சத்தியம் பண்றேன்."

"நீங்க கூட இருந்தீங்களா?"

இல்லை. இருக்கவில்லை. என் வீட்டுக்காரரே வந்து சொன்னால் என்ன என்றேன். "அவர் அப்பவே இல்லன்னுதானம்மா சொன்னாரு. நீங்கதானே நம்பல?" என்றார் சிஸ்டர், கோபமே இல்லாமல். "சாப்பிட்டிருந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். பிள்ள ஒரு தடவ சாப்பிட்டேன்னு சொல்லிட்டா நாங்க அதத்தான் எடுத்துக்கணும்."

என் வீட்டுக்காரர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஊசி ரெண்டரைக்குத்தானாம். அவ பொய் சொல்லியிருக்கா" என்றேன்.

"தெரியும்."

"அப்புறம் ஏங்க சும்மா வந்தீங்க? கத்த வேண்டியதுதானே!"

"அஞ்சு வயசுப் பிள்ள பொய் சொல்றான்னு அத்தன பேரு முன்னாடி கத்தவா?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அந்த ரத்தம்னு சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"விடு" என்றார். பிறகு, அவருக்கு அது பெரிய பேச்சு: "குடுத்திருக்கலாம். லிஃப்ட்டுகிட்ட எம் பாக்கெட்டயே பாத்துட்டு இருந்தா. குடுக்கக் கூடாதுன்னு கதவு எப்படித் தெறக்குதுன்னு காட்டிட்டு இருந்தேன். குடுத்திருந்தா இப்ப வயித்துல ரெண்டு பிஸ்கட்டாவது இருந்திருக்கும்."

அவர் அழுதார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அவரைச் சமாதானப்படுத்தவும் தெரியவில்லை.

வார்டுக்குத் திரும்பினேன். அக்கா மடியில் கொசு சுருண்டு கிடந்தாள். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. அக்கா தன் பெண்ணின் சாப்பாட்டுத் தட்டைக் கட்டிலுக்கு அடியில் மறைத்து வைத்திருந்தாள். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா, அடுத்த வாரம் போட்டுக்கொள்ளட்டும் என்று இப்போதே சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடலாமா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. தேதி தவறக் கூடாது என்று பெரிய டாக்டர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. டம்ளரில் ரெண்டு வாய்த் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளருக்குள் பார்த்தாள்.

"அம்மா."

"சொல்லுடி கண்ணு."

"சாப்பிட்டேன்னு சொன்னா சோறு தர மாட்டேங்குறாங்க. சாப்பிடலன்னு சொன்னாலும் தர மாட்டேங்குறாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் என்னன்னு சொல்லணும்? நீ சொல்லிக் குடும்மா. அப்படியே சொல்றேன்."

சொல்லிவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.