ஒருவழிக் குரல்

யுத்தம் முடிந்த அடுத்த மாதம், கல்முனையிலிருந்த நிவாரண அலுவலகமொன்றின் கணினி அறையில் தம்பிலுவில் கலாராணி காதுகளில் ஹெட்செற்றை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வவுனியா அகதி முகாமிலிருக்கும் தங்கை நிலாந்தினியுடன் இணையவழி கதைக்க அவளுக்கு முறை கிடைத்திருந்தது.

"நிலா, கேக்குதாடி? தம்பி உன்னோடயா?"

ஒரு சத்தமும் வரவில்லை.

"நேற்றும் இப்பிடித்தான். எங்கட ஆக்கள் எண்டா உங்கட மெசினும் வேல செய்யாது" என்று சிபானாவிடம் எரிந்து விழுந்தாள்.

அலுவலகத்தின் வலையமைப்பைக் கவனிக்கும் முஸ்லிம் பெண்ணான சிபானாவுக்கு அந்தச் சொல் சுட்டது. இணையத்திலிருந்து வருவதைச் சோதித்து உள்ளே விடும் ஃபயர்வோலின் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். அலுவலகம் இரண்டாவது இணைய இணைப்பு எடுத்ததால் வந்த வினை அது. கலாராணியின் குரல் பழைய இணைப்பால் நேரே வெளியேறியது. தங்கையின் பதில் புதிய இணைப்பில், ஃபயர்வோல் வழியாக வந்தது. ஓர் உரையாடலின் தொடக்கத்தைக் கண்டால்தான் ஃபயர்வோல் மிச்சத்தை உள்ளே விடும். இந்தத் தொடக்கத்தை அது காணவேயில்லை. நிலாந்தினியின் குரலைச் சுமந்து வந்த ஒவ்வொரு தரவுத் துண்டையும், பக்கெட்டையும், அந்நியமென்று வீசிக்கொண்டிருந்தது. ஆனால் அக்காவின் குரல் அங்கே கேட்டிருக்கும்.

சிபானா பொறுப்பாளர் ஸப்ரியிடம் போனாள்.

"முகாமிலிருந்து வாறத மட்டும் பக்கெட் பக்கெட்டாப் பாத்து விடுவம், சேர். விலாசம் சரியெண்டா உள்ள எடுக்கும். தொடக்கத்தக் கண்டிருக்கத் தேவல்ல."

"அதில கை வெச்சா நாளைக்கு வேலைக்கு வராத. என்ட வாப்பாவக் கடத்தின புலிக்காரனுகள் எங்களோட ஒரு சொல்லுக் கதைக்க உட்டானுகளா?"

சிபானா திரும்பி வந்து அமைப்பை மாற்றினாள்.

"அக்கா!" குரல் வெடித்து வந்தது. "நேற்றும் நீ கத்தினது கேட்டிச்சு. நான் சொல்லிக்கொண்டேதான் இருந்தன்."

"தம்பி எங்கடி?"

"தர்மிகன் இல்ல அக்கா. ஷெல் பட்டு, என்ட மடியிலேயே செத்துப்போயிற்றான்."

கலாராணி ஹெட்செற்றைக் கழற்றினாள். சிபானாவை வெறித்துப் பார்த்தாள்.

"இதக் கேக்க வெக்கவா இவ்வளவு பாடுபட்டாய்?"

அப்போது ஸப்ரி உள்ளே வந்தார். திரையைக் கண்டதும் முகம் இறுகியது.

"அறைச் சாவியத் தந்திட்டுப் போ."

சிபானா சாவியை மேசையில் வைத்தாள். அவர் ஃபயர்வோலை நோக்கி நடக்க, குறுக்கே நின்றாள்.

"அவ கதைச்சு முடியட்டும். பிறகு மாத்துங்க."

மேசையில் கிடந்த ஹெட்செற்றிலிருந்து நிலாந்தினி அக்காவைக் கூப்பிடுவது மூவருக்கும் கேட்டது. கலாராணி அதை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். ஸப்ரி ஃபயர்வோலில் கை வைக்கவில்லை; யாரையும் பார்க்கவுமில்லை. வெளியே போகவுமில்லை.