மூன்று முறை திருத்திய விண்ணப்பம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் சிவப்புப் பேனாவின் மூடிதான் பறக்கும். அன்று அது ஜக்கம்மாள் அக்காவின் மடியில் போய் விழுந்தது.

“ஃபுல்ஸ்டாப் எங்கக்கா? வாக்கியம் முடிஞ்சா வைக்கணும்னு எம்புட்டு தடவ சொல்றது?”

“வரிக்கு வரி வச்சிருக்கேனே டீச்சர்.”

வைத்துத்தான் இருந்தாள். வாக்கியம் முடிந்ததோ இல்லையோ, தாளின் ஓரம் வந்தால் ஒரு புள்ளி. தலையில் அடித்துக்கொண்டேன்.

நான் மகேஸ்வரி. நிலக்கோட்டையில் மாடி அறை ஒன்றில் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். வயது இருபத்தாறு. என்னிடம் படிப்பவர்களில் என்னைவிட மூத்தவள் ஜக்கம்மாள் அக்கா மட்டும்தான்; முப்பத்தெட்டு. காலையில் பூ மார்க்கெட்டில் மல்லிகைப் பெட்டி கட்டுவாள், சாயங்காலம் என் உயிரை வாங்குவாள். பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதி, இங்கிலீஷில் இரண்டு தடவை கோட்டைவிட்டு, மூன்றாம் தடவை நாற்பத்தொன்று வாங்கித் தேறினாள்.

தேறிய பிறகும் வந்தாள். திண்டுக்கல் ரோட்டில் புதிதாக வந்த பூ ஏற்றுமதி கம்பெனிக்கு பேக்கிங் சூப்பர்வைசர் தேவை. பத்தாவது போதும். சான்றிதழெல்லாம் பிறகு பார்ப்பார்களாம். முதலில் சொந்தக் கையெழுத்தில் இங்கிலீஷில் ஒரு விண்ணப்பம் மட்டும் எழுதி, வாசலில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். “பதினோரு வருசமா குனிஞ்சே கட்டுறேன் டீச்சர். ஒரு தடவயாவது நிமிந்து நின்னு வேல பாக்கணும்” என்றாள்.

மூன்று முறை எழுதவைத்தேன். முதல் முறை ‘சார்’ பக்கத்தில் கமா இல்லை. இரண்டாம் முறை ‘ஐ’ என்பதைச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள். இருமுறையும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். மூன்றாவது தாளில் ஒரு பிழைகூட இல்லை. பெரிதாக ஒரு டிக் போட்டு, “இத அப்படியே நல்ல பேப்பர்ல எழுதிப் போடுக்கா” என்றேன். அப்படியே எழுதினாள், போட்டாள்.

பத்து நாளாகியும் போன் வரவில்லை. தினமும் வந்து, “நம்ம இங்கிலீசு சரியில்லயோ டீச்சர்?” என்று கேட்பாள். சரியில்லாமல் எப்படிப் போகும்? வரி வரியாகத் திருத்தியது நான். பதினோராம் நாள் அவளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மேனேஜர் அப்துல் ஹக்கீம் தன்மையாகத்தான் பேசினார். நான் விஷயத்தைச் சொன்னதும் மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“இதுவாம்மா? வந்ததுலயே நல்ல லெட்டர் இதான். யார் எழுதுனதுன்னு தெரியாம நாங்களும் ஒரு வாரம் வச்சுப் பாத்தோம். நேத்துதான் வேற ஆளப் போட்டோம்.”

தாளை வாங்கிப் பார்த்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று எக்ஸ். ஊர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று ஒய். கீழே கையெழுத்திலும் அதே மூன்று எக்ஸ். போன் நம்பர் எங்குமே இல்லை. கடித முறையில் எல்லாம் கச்சிதம்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! மேனேஜர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை.

“அறிவிருக்காக்கா? வேலைக்குப் போடுற லெட்டர்ல பேரு எழுத மாட்டியா? பச்சப் புள்ளைக்குத் தெரியுமே!”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

“பேரும் ஊரும் எழுதுனா பேப்பரே செல்லாதுன்னு சொன்னீங்களே டீச்சர்.”

சொன்னேன்தான். பரீட்சைக் கடிதத்தில் மாணவர் யாரென்று தெரியக் கூடாது. அதனால் பெயருக்கு எக்ஸ், ஊருக்கு ஒய். ஒரு வருஷம் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறேன். அந்த எக்ஸைத் தாண்டித்தானே மூன்று முறையும் கமாவைத் தேடினேன்! அவளைத் திட்டிய வாயைத் தைத்தால் என்ன என்றிருந்தது.

“அந்த வேல போயிருச்சு. தை மாசம் இன்னொரு ஷிப்ட் வந்தாலும் வரும். நிச்சயமாச் சொல்ல முடியாது” என்று மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். “பேரும் நம்பரும் எழுதி வச்சுட்டுப் போங்க.”

ஜக்கம்மாள் அக்கா பேனாவை எடுத்தாள். தாளில் வைக்கவில்லை. என் பக்கம் திரும்பி, மேனேஜருக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

“எழுதலாமா டீச்சர்?”