இரண்டாவது பொத்தான்

பாபநாசத்துக்கு மேலே, காட்டுக்குள், ஒரு ஆயினி மரத்தின் முன்னால் ஆய்வு மாணவி சுப்ரஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மரத்தின் சுற்றளவை வைத்துத்தான் அதற்குள் எவ்வளவு கார்பன் சேர்ந்திருக்கிறது என்று கணக்குப் போடுவார்கள். நாடாவை நினைத்த இடத்தில் சுற்ற முடியாது. தரையிலிருந்து நூற்று முப்பத்தேழு சென்டிமீட்டர் உயரத்தில் சுற்ற வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன் பேராசிரியர் தாணுமாலையன், அளவுகுச்சி சுமக்கச் சோம்பல்பட்டு, வேலையாள் குமரவேலை நிறுத்தி அளந்து பார்த்தார். சட்டையின் இரண்டாவது பொத்தான் சரியாக அந்த உயரத்தில் இருந்தது. "இனி உம்ம பொத்தான்தான்வே அளவு" என்றார். பெரிய படிப்புப் படித்தவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

அன்று அந்த உயரத்தில் மரங்களில் போட்ட பெயிண்ட் கோட்டை மழை கழுவிவிட்டது. இந்த முறையும் குமரவேல் பொத்தானை வைத்தே நானூறு மரங்களை அளந்தார். யாரும் எதிர்பாராத அளவுக்கு மரங்கள் பருத்திருந்தன. இந்தக் காடு வேகமாகக் கார்பன் சேர்க்கிறது என்பதுதான் சுப்ரஜாவின் ஆய்வேடே. அடுத்த மாதம் கொடுத்தாக வேண்டும். இன்று வந்தது, விட்டுப்போன பத்து மரங்களை அளக்கவும் அவற்றின் அடியில் மண் எடுக்கவும்.

ஆயினியில் படர்ந்திருந்த கொடியை விலக்கினாள். பழைய கோடு அழியாமல் இருந்தது. குமரவேல் பிடித்த நாடா அதற்கு நாலு விரற்கடை கீழே கிடந்தது. மரம் கீழே போகப் போகப் பருக்கத்தானே செய்யும்!

அவரைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று வருஷமாக அந்த முதுகுக்குப் பின்னால்தான் நடக்கிறாள். அது வளைந்திருந்தது. ஆய்வுக்கான மண் மூட்டையோடு ஒரு மழையில் வழுக்கி விழுந்தவர், மறுவாரமே அடுத்த மூட்டையைத் தூக்கியவர். காடு பருத்ததில் பாதி, இந்த மனுஷன் கூனிப்போனது.

சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறிப் பேராசிரியரை அழைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். திரும்ப அளக்க ஆறு மாதமாவது ஆகும் என்றாள்.

"கட்டுரை அச்சுக்குப் போயாச்சும்மா. அந்த ஆள நிறுத்திரு. அளவுல கை வைக்காத" என்றார் அவர்.

திரும்ப அளந்துவிடு என்று அவர் சொல்லிவிடுவாரோ எனப் பயந்துகொண்டே அழைத்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. "சரி சார்" என்றாள்.

இறங்கி வந்தாள். "அண்ணாச்சி, நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்."

"ஏம் மேடம், முதுகப் பாத்தா சொல்லுதிய? கையும் கண்ணும் நல்லாத்தான இருக்கு?"

"வேலை முடிஞ்சிட்டு அண்ணாச்சி."

குமரவேல் ஆயினியைத் தட்டிக் கொடுத்தார். "மரமெல்லாம் நல்லா வளந்துருக்குல்லா?"

"நல்லா வளந்துருக்கு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கீழே கிடந்த மண் மூட்டையைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு, "பைய வாங்க, வழுக்கும்" என்று முன்னால் இறங்கினார். வைத்துவிடுங்கள் என்று அவள் சொல்லவில்லை.