பெண் வீட்டார் இன்னும் வரவில்லை

“ஏத்தா, இங்கன பாக்குறதுக்கு என்னதான் இருக்கு?”

அந்த அம்மாள் இப்படிக் கேட்டபோது ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். அணையின் படகுத்துறையில் நான் லைஃப் ஜாக்கெட்டுகளை வரிசையாகக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தேன். யாராவது ஏதாவது கேட்டால் கர்ணன் அண்ணனைக் கை காட்டிவிடுவது என் வழக்கம். படகுகளுக்கு அவர்தான் பொறுப்பு. அன்று நடுத் தண்ணீரில் நின்றுபோன ஒரு பெடல் படகை இழுத்து வர அவர் போயிருந்தார். வேறு வழியில்லாமல் நானே சொன்னேன்.

“சின்னப் பிள்ளைகளுக்கு ரயில் இருக்கும்மா. சிமெண்டு டைனோசர் இருக்கு, அது வாய்க்குள்ள ஏறி வால் வழியாச் சறுக்கி வரலாம். பாலத்தைத் தாண்டுனா ரோஜாத் தோட்டம். சாயங்காலம் கலர் தண்ணி ஆடும். வாசல்ல மீன் பொரிக்கிறாக. இங்கன படகு.”

சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னதற்குப் பயந்தே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

“மீனு பொரிக்கிறதைப் பாக்கவா அனுமந்தன்பட்டியில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தோம்?” என்றார் அவருடன் வந்திருந்தவர். அந்த அம்மாளின் தம்பி போலிருந்தது. கையில் மிச்சர் பொட்டலம்.

“அம்மாவாசி, நீ பேசாம அதைத் தின்னு,” என்றார் அந்த அம்மாள்.

மூன்றாவதாக அவருடைய மகன் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் இது இப்போது சகஜம். வீட்டுக்கு வந்து, பஜ்ஜி தின்று, வேண்டாம் என்று சொல்லிப் போனால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அணையில் வைத்துப் பார்த்தால் அந்தத் தொல்லை இல்லை. பிடித்துவிட்டால் அங்கேயே பூ வாங்கிக் கொடுப்பார்கள். பிடிக்காவிட்டால், “சுத்திப் பாக்கத்தான் வந்தோம், பாத்தாச்சு,” என்று சொல்லி பஸ் ஏறிவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு அர்த்தம் இரண்டு வீட்டாருக்கும் தெரியும். உச்சி வெயிலில் தலை கொள்ளாத மல்லிகை வைத்த பெண், தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்காத பையன், பத்தடி தள்ளி உட்கார்ந்து ஒருவரையொருவர் தெரியாதது போலிருக்கும் பெரியவர்கள். இப்படி இந்த வருடம் மட்டும் பதினேழு பார்த்துவிட்டேன். ஜாக்கெட் பெட்டிக்கு அடியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். யாருக்கும் தெரியாது. அதில் எழுதினேன்: பதினெட்டு. மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர். பெண் வீட்டார் இன்னும் வரவில்லை.

அந்த அம்மாள் நிழலில் உட்கார்ந்து என்னிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். எத்தனை மணிக்கு வருவேன், மதியச் சாப்பாடு கொண்டு வருவேனா, நானே சமைப்பேனா, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர். பெண் வீட்டார் வரும்வரை பொழுது போக வேண்டுமே என்று நினைத்துப் பதில் சொன்னேன்.

அவர் மகன் மெதுவாக ஜாக்கெட் வரிசைப் பக்கம் வந்தார்.

“எல்லாத்துலயும் நம்பர் முன்னாடி தெரியுற மாதிரியே மாட்டியிருக்கீகளே, எதுக்கு?”

“காலியா இருக்குற கொக்கியைப் பாத்தா, எந்த ஜாக்கெட் இன்னும் தண்ணியில இருக்குன்னு தெரியும்.”

அவர் வரிசையை ஒரு தடவை முழுக்கப் பார்த்தார். எட்டும் பதினொன்றும் பதினான்கும் மட்டும் என் கையருகே இருந்தன. தலையை ஆட்டிக்கொண்டார். துறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஜாக்கெட்டைக் குறைதான் சொல்வார்கள். அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான்.

“இனியா, ஒரு ரவுண்டு போயிட்டு வருவமா?” என்று அந்த அம்மாள் எழுந்தார். நான் மூன்று ஜாக்கெட்டுகளை எடுத்து நீட்டினேன். இனியன் பதினான்காம் எண்ணை வாங்கிப் போட்டுக்கொண்டார். அம்மாவாசி எட்டை மாட்டிக்கொண்டார். அந்த அம்மாள் பதினொன்றைத் தொடவே இல்லை.

“பட்டுச் சேலை மேல இந்த ஈரத்தையா போடச் சொல்ற? எத்தனை பேரு வேர்வையோ.”

“போடுக்கா. ஒனக்கு எடுப்பா இருக்கும். அனுமந்தன்பட்டியே மெரண்டு போகும்,” என்றார் அம்மாவாசி.

“போடாம ஏத்த மாட்டோம்மா,” என்றேன்.

“நான் முல்லையாத்துல முங்கி வளந்தவ. என்னையவா?”

“எனக்கு நீச்சல் தெரியாதும்மா. நீங்க விழுந்தா என்னால தூக்க முடியாது.”

அது உண்மை. இந்தத் துறையில் என்னால் செய்ய முடிந்தது ஜாக்கெட்டின் மூன்று கிளிப்புகளையும் பூட்டி, இழுத்துப் பார்ப்பது மட்டும்தான்.

அப்போதுதான் படியில் என் அம்மா வருவதைப் பார்த்தேன். சுருளியம்மாள் ஞாயிற்றுக்கிழமையும் திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறவள். அன்று வீரபாண்டித் திருவிழாவுக்கு மட்டும் எடுக்கும் சேலையைக் கட்டியிருந்தாள். கையில் ஒரு பந்து மல்லிகை. என்னைத் தாண்டி நேராக அந்த அம்மாளிடம் போனாள்.

“வந்து ரொம்ப நேரமாச்சாக்கா? பஸ்ஸு கெடைக்கல.”

என் நோட்டில் எழுதியிருந்த வரி நினைவுக்கு வந்தது. பெண் வீட்டார் வந்துவிட்டார்கள்.

அம்மா என்னை டிக்கெட் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனாள். மல்லிகையை என் தலையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

“கஸ்தூரியம்மாள்னு பேரு. பையன் சின்னமனூர் வாழைக்காய் மண்டியில வேலை. குடிக்க மாட்டாக. படிப்பை நிறுத்துன பிள்ளைக்கு இப்படி ஒரு எடம் இனிமே எங்குட்டு அமையும்?”

“ஏம்மா எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா வீட்டுல பீரோவுக்குப் பின்னாடி போயி நின்னுக்கிருவ. போன தடவை நின்னேல்ல? இங்கனதான் நீ நிமிந்து நிக்கிற, மாரீஸ்வரி. அதை அவுக பாக்கட்டும்னுதான் இங்கன வரச் சொன்னேன்.”

அம்மா கொட்டகை ஓரமாகத் துறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“அந்தக்கா மூஞ்சி ஏன் அப்படி இருக்கு? என்ன செஞ்ச?”

சொன்னேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“ஒரே ஒரு ரவுண்டுடி. ஏத்தி விட்டுரு. ஒன் வாழ்க்கையே அதுலதான் இருக்கு. கர்ணனும் இல்ல, யாரு கேக்கப் போறா?”

யாரும் கேட்க மாட்டார்கள். அதை நானும் யோசித்தேன். இனியனையும் நினைத்தேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

திரும்பி வந்தபோது கஸ்தூரியம்மாள் ஒரு கையைப் பெடல் படகின் கூரைக் கம்பியில் வைத்து நின்றிருந்தார். என் தலையில் இருந்த பூவைப் பார்த்ததும், விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் புரிந்தது.

“என்னத்தா, இப்ப ஏறலாமா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஏறுங்கள் என்று சொன்னால் போதும் என்பது போல ஒரு சிரிப்பு. அம்மா பின்னாலிருந்து என் முதுகை மெல்லத் தள்ளினாள்.

கரையோரம்தான் என்றாலும் அங்கே ஆழம் இரண்டு ஆள் உயரம். நான் பதினொன்றை எடுத்து, கிளிப்புகளைத் திறந்து, இரண்டு கையாலும் நீட்டினேன்.

“போட்டுக்கிட்டு ஏறுங்கம்மா.”

“போட்டுத் தொலைக்கா. பிள்ளை சரியாத்தான் சொல்லுது,” என்றார் அம்மாவாசி. இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

கஸ்தூரியம்மாள் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

“வீட்டுக்கு வாரதுக்கு முன்னாடியே இம்புட்டா,” என்றார். பிறகு என் அம்மாவைப் பார்த்து, யாரோ புதிதாகச் சந்தித்தவளிடம் சொல்வது போல, “சுத்திப் பாக்கத்தான் வந்தோம். பாத்தாச்சு. வாரோம்,” என்றார்.

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கஸ்தூரியம்மாள் படியேறினார். அம்மாவாசி எட்டாம் எண்ணைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மிச்சர் பொட்டலத்தைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

இனியன் கடைசியாக நின்றார். மூன்று கிளிப்புகளையும் நிதானமாகக் கழற்றினார். கொடுப்பார் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. வரிசைக்கு நடந்து போய், பதின்மூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவில் காலியாக இருந்த கொக்கியில் மாட்டினார். அது திரும்பிக்கொண்டது. எண் முன்னால் தெரியும்படி நேராக்கி வைத்தார்.

பிறகு படியேறிப் போய்விட்டார்.